பத்துக்குள் ஓர் எண்

நவம்பர் 11, செவ்வாய்

இயன்முறை மருத்துவர் பெனிட்டா இன்று எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். தினமும் வலியைப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாக எழுதிவர வேண்டும். பூச்சியம் என்றால் வலி இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியாத வலி.

"டெய்லி எழுதுங்க மேடம். பிப்ரவரில மெடிக்கல் போர்டு பாக்கப்போ நா ஒரு ரிப்போர்ட் குடுக்கணும்லா? அதுல இந்த நம்பர் எல்லாம் வரும்."

மருத்துவ வாரியம்தான் நான் மறுபடி கால்நடை மருந்தகத்து வேலைக்குப் போகலாமா, போகக் கூடாதா என்று முடிவு செய்யும்.

இருபத்துநான்கு வருடங்களாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். என் நோயாளிகள் யாரும் எண் சொன்னதில்லை. காது தொங்கும், மூக்கு விரியும், அசைபோடுவது நிற்கும், பல்லைக் கடிக்கும். பார்த்து நாங்களே தெரிந்துகொள்வோம். பசுவிடம் எண் கேட்டிருந்தால் அது எப்போதும் மூன்று என்றுதான் சொல்லியிருக்கும். கூட்டத்தோடு வாழும் மிருகம் வலியைக் காட்டாது. காட்டினால் பின்தங்கிவிடும்.

இன்றைய எண்: மூன்று.

நவம்பர் 12, புதன்

மூன்று. மழை. துணி காயவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

பெனிட்டா என் இடது தோளை மெல்லச் சுழற்றிக்கொண்டே, "இந்தக் கை என்னென்ன வேல செஞ்சிருக்கு மேடம்?" என்று கேட்டாள். இதுவரை எந்த மருத்துவரும் இதைக் கேட்டதில்லை.

சொன்னேன். படித்து முடித்ததும் பல்லடம் பக்கம் ஒரு கோழி நிறுவனம். தினமும் காலையில் செத்த கோழிகளை வரிசையாக அறுத்துப் பார்க்க வேண்டும். பிறகு யானை முகாமில் ஒப்பந்த வேலை. நான் காது மடலின் பின்னால் ரத்தம் எடுத்து முடிக்கும்வரை யானை என் புடவைத் தலைப்பை முகர்ந்துகொண்டிருக்கும். பிறகு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். அது நிரந்தரமாகவில்லை. பால் ஒன்றியத்தில் சில காலம், ஜீப்பில் ஊர் ஊராக. கடைசியாகக் கோபிக்குப் பக்கத்தில் இந்த அரசு மருந்தகம். எல்லோரும் என்னை ஓரிடத்தில் நிற்காதவள் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. இடம்தான் மாறியது, கைக்கு ஒரே வேலைதான்.

"கோழி, யானை தவிர மத்த எல்லாத்துலயும் இடது கை உள்ளே போகும். வலது கையில கருவி இருக்கும்" என்றேன்.

"உள்ளேன்னா?"

"மாட்டுக்குள்ளே. பின்பக்கமா. தோள் வரைக்கும்."

அவள் சுழற்றுவதை நிறுத்தினாள். "நா இனி மத்தியானம் சோறு தின்னாப்லதான்."

ஜூலைக் கடைசியில் காட்டுவலசில் மயிலாத்தாள் வீட்டுச் செவலைப் பசு. கன்றின் தலை பின்பக்கமாக மடங்கிக் கிடந்தது. கையை விட்டு அதன் தாடையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். பசு நின்ற நிலையிலிருந்து சட்டென்று விழுந்தது. கை உள்ளே இருந்தது. தோள் தொழுவத்துத் தடுப்புக் கட்டையில் மாட்டிக்கொண்டது. எலும்பைத் தகடு வைத்துச் சேர்த்துவிட்டார்கள். கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புக் கற்றை இழுபட்டுப் போனதுதான் பிரச்சினை. கன்று செத்துப் பிறந்தது.

நாயின் இதே நரம்புக் கற்றையைக் கல்லூரியில் படம் வரைந்து நடத்தியிருக்கிறேன். உணர்ச்சி தோளிலிருந்து கீழ்நோக்கி மெல்ல மெல்லத் திரும்பும். விரல் நுனிகள் கடைசி. சில சமயம் திரும்பாமலும் போகும். கடைசி வாக்கியத்தை பெனிட்டாவிடம் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கும்.

எண்: மூன்று.

நவம்பர் 20, வியாழன்

என் கணவர் சந்தானம்தான் எனக்குத் தலை பின்னிவிடுகிறார். பள்ளியில் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவர். பின்னலின் மூன்று கால்களையும் சமமாகப் பிரிக்கவே கால்மணி நேரம் ஆகிறது.

"கயல், ஒரு பக்கம் கனமா வருது. ஈர்ப்பு மையம் சரியில்ல."

"ரப்பர் பேண்டு போட்டு விடுங்க. போதும்."

"உன் பெரியம்மா மாதிரி கொண்டையாவே போட்டுருவோமா?"

"அதுக்கு மொட்டையே தேவலை."

சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "தூக்கத்துல பல்லக் கடிக்கிற. எனக்கு முழிப்பு தட்டிருது."

பூச்சி மாத்திரை சாப்பிட வேண்டும் போலிருக்கிறது என்றேன்.

தேங்காய் துருவ முடியவில்லை. துருவிய தேங்காய் கடையில் விற்கிறது. வாங்கினால் போயிற்று.

எண்: இரண்டு.

நவம்பர் 27, வியாழன்

மயிலாத்தாள் வந்திருந்தாள். அறுபது வயதுக்குப் பக்கம் இருக்கும். கணவர் இல்லை. இரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு காட்டுவலசில் தனியாக இருக்கிறாள். விபத்து நடந்ததிலிருந்து வாரம் ஒருமுறை பஸ் ஏறி வந்து ஒரு தூக்குப் பால் வைத்துவிட்டுப் போகிறாள். வேண்டாம் என்றால் காதில் விழாதது மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

"செவலைக்குத் திங்கக்கெழம மூணாவது வாட்டி செனை ஊசி போட்டாச்சுங்க. பைசல் டாக்டருதான் வந்து போட்டாருங்க."

பக்கத்து மருந்தகத்து ஃபைசல்தான் இப்போது என் ஊர்களையும் சேர்த்துப் பார்க்கிறார்.

"முந்தின ரெண்டும் நிக்கலயா?"

"நிக்கலீங்க. அந்தக் கன்னு போனதுலருந்து அதுக்கு என்னமோ ஆகிப்போச்சுங்க. பாலும் கொறஞ்சு போச்சு. பையன் திருப்பூர்ல இருந்து போன் போட்டு, வித்துப் போடு, வித்துப் போடுங்கறான். டாக்டரம்மா கைய ஒடைச்ச மாட்ட இன்னும் கட்டித் தீனி போடறயான்னு கேக்கறானுங்க."

"மாடு வேணும்னேவா ஒடைச்சது?"

"அதத்தானுங்க நானும் சொன்னேன். இந்த வாட்டியும் செனை நிக்கலீன்னா நான் ஒண்ணும் பேச முடியாதுங்க. பட்டிப் பொங்கலு முடிஞ்சதும் ஏவாரி வருவானுங்க."

கறவையும் சினையும் இல்லாத மாட்டை வியாபாரி எங்கே கொண்டுபோவான் என்பதை நாங்கள் இருவரும் பேசவில்லை.

போகும்போது மடியிலிருந்து ஒரு பாட்டில் எடுத்தாள். பச்சை நிற எண்ணெய். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் யாரோ ஒருவர் காய்ச்சியதாம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று சொன்னேன்.

"நம்பிக்கை எதுக்குங்க? தேச்சாப் போதும்" என்று ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எண்: மூன்று.

டிசம்பர் 3, புதன்

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். தோசைக்கரண்டி வலது கையில். எங்கோ கருகுகிற வாசனை வந்தது. தோசை வேகவே ஆரம்பித்திருக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் பார்த்தபோது இடது சுட்டுவிரல் கல்லின் விளிம்பில் இருந்தது.

ஏதோ யோசனையில் இருந்திருக்கிறேன். கவனக்குறைவு.

மதியம் பரிசோதனைக்கு வந்த பெனிட்டாவிடம் கட்டுப் போட்ட விரலைக் காட்டவில்லை. அவளும் தோளில்தான் வேலை செய்கிறாள்.

எண்: இரண்டு.

டிசம்பர் 4, வியாழன்

இரண்டு.

டிசம்பர் 12, வெள்ளி

கல்லூரியில் மாணவர்களுக்கு ஆரம்பச் சினையைக் கண்டுபிடிக்கக் கற்றுக் கொடுப்பது மிகக் கடினம். ஒன்றரை மாதத்தில் கரு ஒரு சுண்டெலி அளவுகூட இருக்காது. குடல் வழியாகக் கையை விட்டு, கருப்பையிலிருந்து இரண்டாகப் பிரியும் கொம்புகளில் ஒன்றைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மெல்லப் பிடித்து விட வேண்டும். சினை இருந்தால் கொம்பின் சுவர் விரல்களிலிருந்து நழுவுவதற்கு முன்பே உள்ளே ஒரு மெல்லிய சவ்வு நழுவும். கண்ணை மூடித் திறக்கிற நேரம். அழுத்திப் பிடித்தால் கருவுக்கு ஆபத்து. மென்மையாகப் பிடித்தால் தவறிப் போகும்.

புத்தகத்தில் எத்தனை பக்கம் எழுதினாலும் புரியாது. நான் பையன்களிடம் சொல்வேன்: "வீட்டுக்குப் போய் அம்மாவோடதோ அக்காவோடதோ லைனிங் வெச்சுத் தெச்ச ரவிக்கை இருந்தா, அதோட கைய ரெண்டு விரலால பிடிச்சு மெல்ல விடுங்க. உள்துணி முதல்ல நழுவும். மேல்துணி அப்புறம் நழுவும். அதான் அது." வகுப்பே வெட்கப்பட்டுத் தரையைப் பார்க்கும். ஆனால் தேர்வில் அந்தக் கேள்வியை யாரும் தப்பாக எழுதியதில்லை.

இன்று மத்தியானம் பீரோவிலிருந்து நாவல்பழ நிறப் பட்டு ரவிக்கையை எடுத்தேன். வலது கையால் பிடித்தேன். உள்துணி நழுவியது, பிறகு மேல்துணி. இடது கையால் பிடித்தேன்.

பட்டு கொஞ்சம் வழவழப்பு. சோதனைக்கு ஏற்றதில்லை. பருத்தி ரவிக்கையில் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 13, சனி

பருத்தியிலும் பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தால் தெரிகிறது.

வலது கையைப் பழக்கலாமா என்று யோசித்தேன். மாட்டின் வாலை ஒதுக்கிப் பிடித்து, அது அசைந்தால் உடம்பைத் தாங்கிக்கொள்ள இடது தோள் வேண்டும். அது இப்போது ஒரு குடம் தண்ணீரைத் தாங்காது.

எண்: மூன்று.

டிசம்பர் 22, திங்கள்

வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. பிப்ரவரி நான்கு, புதன்கிழமை, ஈரோடு.

சந்தானம் காப்பியோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். அவர் இப்படி எதிரில் உட்கார்ந்தால் ஏதோ தயாரித்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

"ஈரோட்டுல நோய் புலனாய்வுப் பிரிவு இருக்குல்ல. உன் கூடப் படிச்ச விசாலாட்சி அங்கதான இருக்காங்க? லேப்ல இடம் இருக்குன்னு சொன்னாங்க."

"யார்ட்ட சொன்னாங்க?"

"நான்தான் கேட்டேன்."

"எனக்குக் கேக்கத் தெரியாதா?"

"தெரியும். கேக்க மாட்டேன்னும் தெரியும்."

நான் எழுந்து டம்ளரை எடுத்தேன். இடது கையால் எடுத்துவிட்டேன். கீழே விழுந்தது. ஸ்டீல் டம்ளர்தான், உடையவில்லை. இருவருமே குனியவில்லை. பிறகு அவர் எடுத்தார்.

"கயல், நான் உன்ன வேலைய விடச் சொல்லல. அஞ்சு எடத்துல வேல பாத்தவ நீ. இன்னும் ஒண்ணு சேந்தா என்ன?"

"அங்கெல்லாம் நானா விட்டுட்டு வந்தேன். இது அப்படியில்ல."

ஆனால் அவர் சொன்னதில் தவறில்லை. கண்ணாடித் தகடு யாரையும் உதைக்காது. யார் மேலும் விழாது. நுண்ணோக்கிக்கு வலது கை போதும்.

எண்: இரண்டு. தொடர்ந்து இரண்டு வருவது நல்ல அறிகுறி என்று பெனிட்டா சொன்னாள்.

ஜனவரி 5, திங்கள்

மயிலாத்தாள் பாலோடு வந்தாள். ஃபைசல் ஊரில் இல்லை, தங்கை கல்யாணத்துக்கு விடுப்பில் போயிருக்கிறாராம்.

"அவரு வர்றதுக்குப் பொங்கலு தாண்டிப்போயிருமுங்க. பையன் பட்டிப் பொங்கலுக்கு வாறான். ஏவாரிகிட்டப் பேசி வெச்சுட்டானுங்க."

"பருவத்துக்கு வந்துச்சா? கத்துச்சா?"

"கத்தலீங்க. ஒரு நாளு கொஞ்சம் ஒழுகுச்சுங்க, ஆனா கத்தலீங்க. போன வாட்டியும் இப்படித்தான் ஏமாத்துச்சு." அவள் என் முகத்தைப் பார்க்காமல் தூக்கின் மூடியைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க ஒருக்கா வந்து கைவெச்சுப் பாத்தீங்கன்னா எனக்கு வெசனம் தீந்துருமுங்க. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சு போகும். கை இன்னும் நோவுதுன்னா வேண்டாமுங்க."

"நோவு இல்ல. வர்றேன்" என்றேன்.

நான் இன்னும் மருத்துவ விடுப்பில் இருக்கிறேன். போகக் கூடாது. ஆனால் வாரியத்துக்கு முன் ஒருமுறை செய்து பார்த்துவிடுவது நல்லது. செவலையாகவே இருப்பதும் நல்லதுதான்.

சந்தானத்திடம், மாட்டுப் பொங்கலுக்குக் காட்டுவலசில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஜனவரி 16, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சந்தானம் ஸ்கூட்டரில் கொண்டுவிட்டுப் போனார். காட்டுவலசில் எல்லாக் கட்டுத்தறியிலும் கோலம், கரும்பு, ஆவாரம்பூ. மாடுகளின் கொம்புக்கு நீலமும் சிவப்பும். செவலைக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். அது என்னைப் பார்த்தது. பசுவுக்கு ஆளை ஞாபகம் இருக்கும் என்று சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் அதன் கழுத்தில் கைவைத்துக்கொண்டு நின்றேன்.

மயிலாத்தாளின் மகன் தங்கமுத்து வெள்ளை வேட்டியோடு நின்றான். அக்கம்பக்கத்து ஆட்கள் பத்துப் பேர் இருப்பார்கள். பொங்கல் பொங்கி இறக்கியாகிவிட்டது. பந்திக்குக் காத்திருக்கிற நேரம்.

"டாக்டரம்மா, போன வாட்டி மாதிரி மேல உளுந்துரப் போவுதுங்க" என்றார் ஒருவர்.

"இந்தத் தடவ நான் முந்திக்குவேன்" என்றேன். சிரித்தார்கள்.

நீளமான கையுறையை மாட்டினேன். மயிலாத்தாள் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இடது கையை உள்ளே விட்டேன். தோளில் தகடு இருக்கிற இடத்தில் நெருப்பு வைத்தது மாதிரி இருந்தது. எதிர்பார்த்ததுதான். உள்ளங்கைக்கு இளஞ்சூடு தெரிந்தது, கருப்பை வாயின் கெட்டித்தன்மை தெரிந்தது. அங்கிருந்து கருப்பையின் கொம்புக்குப் போனேன். இரு விரல்களையும் சேர்த்தேன், விட்டேன். ஒன்றுமில்லை. இன்னொரு முறை பார்த்தேன். மற்றக் கொம்பிலும் பார்த்தேன். இத்தனை வருடங்களில் ஆயிரக்கணக்கான மாடுகளில் இதைச் செய்திருக்கிறேன். எதுவும் நழுவவில்லை என்றால் அதற்கு ஒரே பொருள்தான்.

"காலியா இருக்கு" என்றேன்.

மயிலாத்தாள் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். தங்கமுத்து போனை எடுத்துக்கொண்டு பூவரச மரத்துப் பக்கம் போனான். "ஏனுங், காலியாமா. நாளைக்கே வந்துருங்க" என்று அவன் பேசுவது கேட்டது.

"ஏனுங் அம்மிணி, திரும்பப் பருவத்துக்கு வர்றதுக்கு ஒரு ஊசி இருக்குதுங்கல்ல? அதப் போட்டு உடுங்க. அவங்கிட்ட இன்னும் ஒரு வாட்டின்னு கெஞ்சிக் கேக்கறேன்" என்றாள் மயிலாத்தாள்.

அந்த ஊசி என் பையில் இருந்தது. காலியாக இருக்கும் மாட்டைச் சில நாட்களில் பருவத்துக்குக் கொண்டுவரும். சினையாக இருந்தால் கருவைக் கலைத்துவிடும். அதனால்தான் பார்த்து உறுதி செய்யாமல் போடுவதில்லை. நான்தான் பார்த்துவிட்டேனே. கையுறையைக் கழற்றி, கையைக் கழுவிக்கொண்டு, மருந்துக் குப்பியை இடது கையில் பிடித்து, வலது கையால் ஊசியை ஏற்றினேன்.

"அம்மிணி!" என்றாள் மயிலாத்தாள்.

"என்ன?"

"ஊசி உங்க வெரல்ல குத்தியிருக்குதுங்க."

குனிந்து பார்த்தேன். ஊசி குப்பியின் ரப்பர் மூடியில் இல்லை. வழுக்கி, என் இடது கட்டைவிரலின் சதையில் இறங்கி நின்றது. அதைச் சுற்றி ஒரு சொட்டு ரத்தம். வேறு யாருடைய விரலையோ பார்ப்பது மாதிரி இருந்தது. மருந்து இன்னும் சிரிஞ்சுக்குள் ஏறவில்லை. ஊசியை வெளியே எடுத்தேன். எடுத்ததும் தெரியவில்லை.

இந்த விரல்தான் சற்று முன்பு காலி என்று சொன்னது.

குப்பியைப் பைக்குள் வைத்தேன்.

"எனக்குத் தெரியல" என்றேன்.

"என்னங்க தெரியல?"

"செனையா இல்லையான்னு தெரியல. இந்த ரெண்டு விரலுக்கும் உணர்ச்சி இல்ல. காலின்னு சொன்னது விரல் சொன்னதில்ல. நானா சொன்னது."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் மரத்தடியில் தங்கமுத்து இன்னும் போனில் இருந்தான். அவனுக்குக் கேட்கும்படி இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. நான் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாதவள். பந்திக்காகக் காத்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"டாக்டருக்கே தெரியலையாமா" என்று ஒருவர் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார்.

தங்கமுத்து போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வந்தான். "ஏனுங், இப்பத்தான காலின்னீங்க? ஒரு நிமிசத்துல செனையாயிருச்சுங்களா?"

"செனைன்னும் சொல்லல. தெரியாதுன்னு சொல்றேன். ஃபைசல் டாக்டர் வந்து பாக்கற வரைக்கும் விக்காதீங்க."

"அதுவரைக்கும் தீனி யாரு போடறது?"

"நாம் போடறேன்டா" என்றாள் மயிலாத்தாள். "நீ திருப்பூர்ல இருந்துட்டு என்னத்த போட்ட? போன வை. வந்திருக்கற ஒரம்பரைக்கு எலை போடு போ."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். நியாயமான பார்வைதான். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மயிலாத்தாள் பிடிவாதம் பிடித்தாள். இலையில் பொங்கலை வலது கையால் சாப்பிட்டேன். இடது கையை மடியில் வைத்திருந்தேன்.

ஜனவரி 17, சனி

எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

சந்தானத்திடம் சொன்னேன். தோசைக்கல், ரவிக்கை, ஊசி, எல்லாம்.

அவர் என் கட்டைவிரலை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். ஊசி இறங்கிய இடம் சிறிய கரும்புள்ளியாக இருந்தது.

"வலிக்குதா?"

"இங்க வலிக்கல. மேல எல்லாம் வலிக்குது."

"எவ்வளவு?"

"நீங்களும் நம்பர் கேக்கறீங்களா?"

"இல்ல. எனக்குத் தெரியும். பக்கத்துல படுத்திருக்கேன்ல" என்றார்.

மாடு பல்லைக் கடிப்பதைக் கேட்டு எத்தனை முறை உரிமையாளரிடம், 'ரொம்ப வலியில இருக்கு, நீங்க கவனிக்கலையா' என்று கோபப்பட்டிருக்கிறேன்.

ஜனவரி 30, வெள்ளி

மத்தியானம் வாசலில் மயிலாத்தாளின் குரல். இன்று தூக்கோடு ஒரு சீப்பு பூவன் பழமும்.

"நேத்து பைசல் டாக்டரு வந்து கைவெச்சுப் பாத்தாருங்க." நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "தண்ணி குடுங்க."

தண்ணீர் கொடுத்தேன். முழுவதையும் குடித்தாள்.

"செனைங்க. ரெண்டு மாசம்."

நான் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று கையில் எடுத்த குப்பியின் மஞ்சள் மூடி கண்முன் வந்தது. ஊசி சற்று நேராக இறங்கியிருந்தால் போதும்.

"பையங்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேனுங்க. பொறக்கறது கிடேரிக் கன்னா இருந்தா விக்காதேங்கறான். இப்பவே." அவள் சிரித்தாள். பிறகு, "எங்கூர்ல ஒருத்தனும் தெரியாதுன்னு சொல்ல மாட்டானுங்க. மழைக்கும் தெரியும், மாட்டுக்கும் தெரியும், அடுத்தவன் குடும்பத்துக்கும் தெரியும். தெரியாதுன்னு ஒரு ஆளு சொல்லி நான் கேட்டது அன்னைக்குத்தானுங்க."

"முதல்ல காலின்னுதான் சொன்னேன்."

"ஆமாங்க. அதையுந்தான் ஊரு பூராச் சொல்லிட்டிருக்குது. போச்சாதுங்க, உடுங்க."

ஜன்னலில் எண்ணெய் பாட்டில் திறக்காமலே இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். எழுந்து போய் எடுத்தாள். மூடியைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

எண்ணெயில் எனக்கு இப்போதும் நம்பிக்கை இல்லை. இடது கையை நீட்டினேன்.

தோளிலிருந்து தொடங்கினாள். மாட்டுக்கு மடி நீவுகிற கை, அழுத்தம் தெரிந்த கை. முழங்கை வரைக்கும் அவளுடைய உள்ளங்கையின் சொரசொரப்பு தெரிந்தது. மணிக்கட்டில் பாதி தெரிந்தது. பிறகு அவள் என் கட்டைவிரலை நீவுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க தெரியுதுங்களா அம்மிணி?"

"இல்ல."

"செரி" என்று சொல்லிவிட்டு நீவிக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 2, திங்கள்

விசாலாட்சிக்கு நானே போன் செய்தேன். இடம் இன்னும் இருக்கிறதாம். "உனக்கு சளி சாம்பிள் பாத்து போரடிக்குமே" என்றாள். கோழி வயிற்றைப் பார்த்தவளுக்கு சளி ஒன்றும் பெரிதில்லை என்றேன்.

பேசி முடித்துவிட்டு நீண்ட நேரம் பின்பக்கத்துத் தோட்டத்தில் நின்றேன். பக்கத்து வீட்டு மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை இனி யாராவது சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 4, புதன்

வாரியம். நீளமான அறை, மூன்று மருத்துவர்கள், நடுவில் பெனிட்டாவின் அறிக்கை. எலும்பு மருத்துவர் இளையவர், மரியாதையானவர். கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். காதுக்கு மேலே கொஞ்சம் போயிற்று.

"நல்ல முன்னேற்றம் மேடம். ஆறு மாசத்துல இவ்வளவு வர்றது பெரிய விஷயம்." அறிக்கையைப் புரட்டினார். "வலியும் ரொம்பக் கம்மியாத்தான் போட்டிருக்கீங்க. மூணு, ரெண்டு, ரெண்டு, மூணு. அப்ப ஃபீல்டுக்கே திரும்பப் போலாம்னு நினைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

ஆமாம் என்று சொன்னால் போதும். பேனாவை எடுத்துவிட்டார்.

"அந்த எண்கள் சரியில்ல" என்றேன். "விரல் ரெண்டுக்கும் உணர்ச்சி இல்ல. அதை அறிக்கைல எழுதல. பெனிட்டா மேல தப்பில்ல, நான் சொல்லல."

மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எலும்பு மருத்துவர் எழுந்து வந்து ஒரு பஞ்சால் என் கட்டைவிரலைத் தொட்டார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். எப்போது தொட்டார், எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வெகுநேரம் தொட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"சரி மேடம்" என்று திரும்பிப் போய் உட்கார்ந்தார். புதிய தாள் ஒன்றை எடுத்தார். "வலி இப்ப எவ்வளவு? பூச்சியத்துலருந்து பத்துக்குள்ள."

பதில் சொல்ல வாயைத் திறக்கப் போனபோதுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. தாடையைத் தளர்த்தினேன். பிறகு எண்ணைச் சொன்னேன்.